கண்மணி யாருக்கு ஓட்டுப் போட்டாள்

ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த மரவீட்டின் கராஜில் கார் நின்று நாங்கள் பார்த்ததில்லை. கார் எப்போதும் மழையில்தான் நிற்கும். கராஜுக்குள் ஒரு பெரிய கண்ணாடி, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய ஒரு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, சுவரோரம் ஒரு பழைய சோபா, குளிர்காலத்தில் ஒரு ஹீட்டர். கண்மணி அங்கேதான் முடி வெட்டினாள்.

மலேசியாவில் ஈப்போக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் சித்தியின் சலூனில் தொழில் கற்றவள். 1988இல் கணவன் ராஜூவுக்குப் பென்ரோஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை கிடைத்ததும் ஆக்லாந்துக்கு வந்தாள். முதல் மூன்று வருடம் ஒரு கடையில் வெள்ளைக்காரப் பெண்களுக்குத் தலை கழுவிவிட்டாள். பிறகு கராஜைச் சுத்தம் செய்து சொந்தமாகத் தொடங்கினாள். ஆண், பெண், குழந்தை என்று யார் வந்தாலும் வெட்டுவாள். உள்ளே நுழைகிறவர்களிடம் முதலில் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்பாள். அதற்கப்புறம் பேசுவது பெரும்பாலும் வந்தவர்கள்தான். யார் எதைச் சொன்னாலும் “அப்படியா” என்பாள். அது சம்மதமா மறுப்பா என்று யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தவர், தமிழ்நாட்டவர், சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் எல்லோரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருந்த இடம் அப்போது ஆக்லாந்தில் அது ஒன்றுதான் என்று நான் தாராளமாகச் சொல்வேன். நானும் அந்தச் சோபாவில் உட்கார்ந்தவன்தான்.

1997ஆம் வருடம் எங்கள் ஒற்றுமைத் தமிழ் மன்றத்தில் தலைவர் பதவிக்கு முதல்முறையாகப் போட்டி வந்தது. அதுவரை ஒருவர் பெயரைச் சொல்வார், இன்னொருவர் ஆமோதிப்பார், எல்லோரும் கைதட்டுவோம். அப்படிக் கைதட்டிக் கைதட்டியே சபாரத்தினம் ஆறு வருடம் தலைவராக இருந்துவிட்டார்.

சபாரத்தினத்துக்கு அறுபது வயது இருக்கும். சாவகச்சேரிக்காரர். நகரசபையில் வரைபடம் வரையும் வேலை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில், கறிவேப்பிலை கிடைக்காத காலத்திலேயே வந்து சேர்ந்தவர். புதிதாக யார் வந்து இறங்கினாலும் விமான நிலையத்தில் நிற்பார். வாடகை வீடு பிடித்துக் கொடுப்பார், மெத்தை கொண்டுவந்து போடுவார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார். ஆனால் மன்றத்துக் கூட்டம் என்றால் வேறு ஆளாகிவிடுவார். நாலு மணிக்கு என்று அறிவித்த விழா ஆறு மணிக்குத் தொடங்கும். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார்.

அவரை எதிர்த்து நின்றவர் பழனிசாமி. கோயம்புத்தூர் பக்கம். முப்பத்தெட்டு வயது, ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை, ஊரின் கிழக்கே பக்குரங்காவில் சொந்த வீடு. மன்றத்துக்குக் கணக்கு வழக்கு சரியாக இருக்க வேண்டும், கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்க வேண்டும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கிழக்குப் பக்கமும் ஒரு கிளை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். ஆனால் மனிதர்களைக் கண்டால் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியாது. கண்மணியிடம் ஒவ்வொரு முறையும் “பையன் எப்படிப் படிக்கிறான் மேடம்?” என்று கேட்பார். கண்மணிக்கு ஒரே ஒரு மகள், பெயர் அஞ்சனா.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. வெளியே விடாத மழை. கராஜில் மூன்று பெண்கள். நாற்காலியில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு புஷ்பவதி. யாழ்ப்பாணத்துக்காரி, முதியோர் இல்லமொன்றில் வேலை. சோபாவில் செல்வி. சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

“நான் சபாரத்தினம் அண்ணைக்குத்தான் போடுவன்,” என்றாள் புஷ்பவதி. “நாங்கள் வந்து இறங்கேக்க எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு ஏர்போட்டிலை நிண்டவர் அவர். அதை மறந்திட்டு மற்றாளுக்குப் போட எனக்கு மனம் வராது.”

“அதெல்லாம் சரிதாங்க்கா,” என்றாள் செல்வி. “ஆனா அவர் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கிறாரே. பொங்கல் விழாவுல என் குட்டி தூங்கியே போயிட்டான். பழனிசாமி சார் வந்தா கொஞ்சம் ஒழுங்கா நடக்கும்னு எங்க வீட்டுல சொல்றாரு.”

“ஒழுங்கா நடக்கும். ஓம். வாசலிலை நிண்டு பிந்தி வாற ஆக்களைத் திருப்பி அனுப்புவார்.”

செல்வி சிரித்துவிட்டாள். புஷ்பவதியும் சிரித்தாள். சிரித்ததில் சாயம் நெற்றியில் இறங்கியது. கண்மணி துடைத்துவிட்டாள்.

“போன வருஷம் கவர்மெண்ட் எலெக்‌ஷனிலை ஆளுக்கு ரெண்டு வோட்டுத் தந்தவை தானே,” என்றாள் புஷ்பவதி. “ஒண்டு ஆளுக்கு, மற்றது கட்சிக்கு. எனக்கு அப்ப ஒண்டும் விளங்கேல்லை. இப்ப விளங்குது. இஞ்சையும் ரெண்டு தந்தால், நல்ல மனுசன் எண்டு ஒண்டை சபாரத்தினம் அண்ணைக்குப் போட்டிட்டு, மற்றதை அந்தக் கம்ப்யூட்டருக்குப் போடலாம்.”

“நீங்க சொல்லுங்க கண்மணிக்கா,” என்றாள் செல்வி. “நீங்க யாருக்கு?”

“நான் இன்னும் யோசிக்கணும் லா,” என்று மலேசியா வழக்கில் சொல்லிவிட்டுக் கண்மணி தொட்டித் தண்ணீரைத் திறந்தாள்.

உண்மையில் அவள் யோசித்து முடித்திருந்தாள். முடித்ததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

1991இல் ராஜூவின் கை மெஷினில் சிக்கியது. இரண்டு விரலுக்கு அறுவை சிகிச்சை. கண்மணிக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது, அஞ்சனா ஏழு வயதுப் பிள்ளை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த சபாரத்தினம் அறுவை சிகிச்சை முடியும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை உபதேசம் பண்ணவில்லை. மறுநாளிலிருந்து ராஜூ எழுந்து நடமாடும்வரை அஞ்சனாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும் அழைத்து வந்ததும் அவர்தான். அதற்குப் பிறகு அவருக்கு அவள் முடி வெட்டிக் காசு வாங்கியதில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு மறுத்ததில்லை.

போன வருடத் தீபாவளி விழாவில்தான் விஷயம் வேறாகிப் போனது. அஞ்சனாவும் அவள் வயதுப் பெண்கள் நாலு பேரும் ஒரு நடனத்துக்கு இரண்டு மாதம் பயிற்சி எடுத்தார்கள். இந்தக் கராஜிலேயே நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடுவார்கள். விழா வழக்கம்போல் தாமதம். நடுவில் சபாரத்தினத்தின் தலைமையுரை. அது முடிந்து பரிசளிப்பு. பிள்ளைகளின் நடனம் கடைசி. அவர்கள் உடை உடுத்து, முகத்துக்குப் பூசி, மேடைக்குப் பக்கத்துப் படியில் நின்றுகொண்டிருந்தபோது மண்டபத்துக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றார். மண்டபத்தை மூடும் நேரம் வந்துவிட்டது. சபாரத்தினம் மைக்கில், “சின்னப் பிள்ளையள் தானே, அடுத்த வருசம் ஆடலாம்” என்று சொல்லி நன்றியுரைக்குப் போய்விட்டார்.

காரில் அஞ்சனா அழவில்லை. சலங்கையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இது போதும் என்பதுபோல், “ஐ'ம் டன், மா” என்றாள். அடுத்த சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கிளம்பவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கண்மணி கெஞ்சிப் பார்த்தாள், ராஜூ திட்டிப் பார்த்தான். பிள்ளை தமிழில் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டது.

இதைக் கண்மணி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சபாரத்தினத்தைக் குறை சொன்னதாகிவிடும். குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் தேர்தல் என்று வந்ததும், அவரை மறுபடி அந்த மேடையில் ஏற்ற ஓட்டுப் போட முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

“சீட்டு எழுதிப் போடுறதுதானே,” என்றான் ராஜூ. “யாருக்குத் தெரியப் போவுது? போட்டுட்டுப் பேசாம இரு.”

“எனக்குத் தெரியும்ல,” என்றாள் கண்மணி.

ஆகஸ்டில், பொதுக்கூட்டத்துக்கு முந்தின வாரம், சபாரத்தினம் முடி வெட்ட வந்தார். கராஜில் வேறு யாருமில்லை. அவர் உட்கார்ந்ததும் கண்மணி கழுத்தில் துணியைக் கட்டி, தண்ணீர் தெளித்து, வாரி, கத்தரியை எடுத்தாள்.

“வடிவா வெட்டிவிடு தங்கச்சி. வாற ஞாயிறு மேடையிலை நிக்கவேணும்,” என்றார். “நான் எல்லா இடமும் கதைச்சிட்டன். மலேசியா ஆக்களின்ரை வாக்கு எங்களுக்குத்தான் எண்டு சொல்லினம். நீ இருக்கிறாய்தானே.”

கண்மணி கத்தரியைத் தட்டில் வைத்தாள். கையில் கத்தரியோடு அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் இருக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

“அண்ணே, இந்தத் தடவை என் ஓட்டு உங்களுக்கு இல்ல.”

கண்ணாடியில் அவர் அவளைப் பார்த்தார். முதலில் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“ஏன் பிள்ளை?”

அவள் சொன்னாள். நடனம், படிக்கட்டில் நின்ற பிள்ளைகள், சாவிக்கொத்து, அவர் மைக்கில் சொன்ன வார்த்தை, அஞ்சனா வகுப்புக்குப் போகாதது. கடைசியில், “நீங்க எங்களுக்குச் செஞ்சத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா நானும் அவரும் வந்து நிப்போம். ஆனா தலைவர்ங்கிறது வேற அண்ணே. அதுக்கு நீங்க சரியில்ல,” என்றாள்.

கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பாதித் தலை ஈரமாக இருக்கும் மனிதர் எழுந்து போகவும் முடியாது. சபாரத்தினம் கண்ணாடியிலிருந்து பார்வையை இறக்கித் தன் முழங்காலைப் பார்த்தார்.

“வெட்டி முடி,” என்றார்.

அவள் வெட்டினாள். முடித்ததும் அவர் எழுந்து, தோளில் கிடந்த முடியைத் தட்டிவிட்டு, பையிலிருந்து பத்து டாலர் நோட்டு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். ஆறு வருடத்தில் முதல்முறை. அவள் “வேண்டாண்ணே” என்றாள். அவர் காதில் விழாதவர்போல் மழையில் இறங்கிப் போனார். கண்மணி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

செய்தி பரவ நாலு நாள் ஆகவில்லை. சபாரத்தினம் சொன்னாரோ, அவர் மனைவி சொன்னாரோ தெரியாது. பரவும்போது அது உருமாறியும் விட்டது. கண்மணி பழனிசாமிக்காகப் பிரசாரம் பண்ணுகிறாள், வருகிறவர்களையெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்து மனதைக் கலைக்கிறாள் என்று ஆனது. அந்தச் சனிக்கிழமை வருவதாகச் சொன்ன மூன்று பேர் போன் பண்ணித் தங்களுக்கு வேலை இருக்கிறது என்றார்கள். புஷ்பவதி போன்கூடப் பண்ணவில்லை.

கண்மணி அன்று பிற்பகல் கராஜைச் சாத்திவிட்டு நேராகப் புஷ்பவதியின் பிளாட்டுக்கு நடந்து போனாள். கதவைத் திறந்த புஷ்பவதி உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் வழிவிட்டு நின்றாள். கண்மணி சமையலறை மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்.

புஷ்பவதி தேத்தண்ணி ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “உனக்கென்ன விசரே?” என்றாள் கடைசியில். “விருப்பமில்லையெண்டால் மற்றாளுக்குப் போட்டிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம் தானே? ரகசிய வாக்கு எண்டு பிறகு எதுக்கு வச்சிருக்கினம்?”

“சொல்லாமப் போட்டிருந்தா, அடுத்த மாசம் அவர் வந்து உட்காரும்போது எப்படி லா அவர் தலையில கை வைப்பேன்?”

புஷ்பவதி சீனி டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். “நான் அவருக்குத்தான் போடுவன். அதிலை மாற்றமில்லை.”

“போடுங்கக்கா. நான் உங்கள மாத்தவா வந்தேன்?”

“சரி. தேத்தண்ணியைக் குடி. ஆறப்போகுது.”

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். வழக்கத்துக்கு இரண்டு மடங்கு ஆட்கள். இரண்டு பேரும் பேசினார்கள். பழனிசாமி தாளைப் பார்த்துப் படித்தார், தாள் முடிந்ததும் உட்கார்ந்தார். சபாரத்தினம் எழுந்தார். நாங்கள் எல்லோரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டோம். அவர், “நான் ஆறு வருசமாக் கதைச்சிட்டன். என்னை உங்களுக்குத் தெரியும். விருப்பமெண்டால் போடுங்கோ,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அது தந்திரம் என்று சிலர் சொன்னார்கள். கண்மணிக்கு அப்படித் தோன்றவில்லை.

சீட்டுகளைக் காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டோம். செயலாளர் குலசிங்கம் மேடையில் வைத்தே எண்ணினார். பழனிசாமி ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். சபாரத்தினம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு இளைஞர்களோடு சேர்ந்து நாற்காலிகளை மடித்து அடுக்கினார். கண்மணி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

புதிய தலைவர் சொன்னதைச் செய்தார். நவம்பர் முதல் வாரத்தில் நடந்த தீபாவளி விழா சரியாக நாலு மணிக்குத் தொடங்கியது. மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. ஆறு வருடப் பழக்கம் அல்லவா, மக்கள் ஐந்தரைக்கு மெல்ல வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் பலர் தங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே ஆடி முடித்து உடை மாற்றிக்கொண்டு நிற்பதைக் கண்டு பழனிசாமியோடு சண்டைக்குப் போனார்கள். செல்வியின் கணவரும் அதில் ஒருவர். அஞ்சனா ஆடவில்லை. கண்மணி கேட்டதற்கு முடியாது என்றுவிட்டாள். ஆனால் விழாவுக்கு வந்தாள். மேடைக்குப் பின்னால் பாட்டுக் கேசட்டுகளை மாற்றிப் போடும் வேலையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. கண்மணி அதற்கு மேல் கேட்கவில்லை.

சபாரத்தினம் முடி வெட்ட வரவில்லை. கடைத்தொகுதியில் எங்கோ வெட்டிக்கொள்கிறார் என்று புஷ்பவதி சொன்னாள்.

டிசம்பரில் ஒரு வேலைநாள் காலை. கராஜில் போன் அடித்தது. பழனிசாமி. வங்கியிலிருந்து பேசினார். விமான நிலையத்தில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் நிற்கிறார்களாம், கொழும்பிலிருந்து வந்தவர்கள். அழைக்க வரவேண்டிய உறவினர் நாளைத் தவறாக நினைத்து வெலிங்டனில் இருக்கிறாராம். விமான நிலையத்தில் யாரோ மன்றத்தின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

“எனக்கு இதுல என்ன பண்றதுன்னு தெரியல மேடம்,” என்றார். குரலில் பதற்றம். “நான் மீட்டிங்க விட்டு வர முடியாது. அவங்களுக்கு இங்கிலீஷும் சரியா வரல.”

“நான் பார்த்துக்கிறேன்,” என்றாள் கண்மணி. காரை ராஜூ கொண்டுபோயிருந்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சபாரத்தினத்தின் எண்ணை அழுத்தினாள்.

“அண்ணே, கண்மணி பேசுறேன்.”

அவள் நிறுத்தாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

“எத்தினை பிள்ளையள்?” என்றார்.

“ரெண்டு.”

“வாசலிலை வந்து நில். வாறன்.”

வந்தார். முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர் பின்கழுத்தில் முடி கோணலாக வெட்டியிருந்ததை அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. விமான நிலையத்துக்குத் திரும்பும் சாலையில் சிக்னலுக்கு நிற்கும்போது அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

“எனக்கு உன்னோடை கோவம் இன்னும் போகேல்லை. சொல்லிப்போட்டன்.”

“சரிண்ணே.”

“அது வேறை. இது வேறை.”

“ஆமாண்ணே.”

உள்ளே அந்தப் பெண் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தாள். சின்னது அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பெரியது முழித்து முழித்துப் பார்த்தது. சபாரத்தினம் போய் அவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து, “எந்த ஊர் பிள்ளை நீங்கள்?” என்று கேட்டதும் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அவர் அவசரப்படவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே இருந்தார். கண்மணி தூங்கிய குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அன்று அவர்கள் கண்மணி வீட்டில் சாப்பிட்டார்கள். இரண்டு நாளில் சபாரத்தினம் சாண்ட்ரிங்ஹாம் பக்கம் ஒரு பிளாட் பிடித்துக் கொடுத்தார். மெத்தை அவர் வீட்டுக் கராஜிலிருந்து வந்தது. நடந்ததைக் கேட்ட பழனிசாமி, புதிதாக வருகிறவர்களைக் கவனிக்கும் பொறுப்பை மன்றத்தின் பேரில் எடுத்துக்கொள்ளச் சொல்லி சபாரத்தினத்தின் வீட்டுக்கே போய்க் கேட்டார். “மன்றத்தின்ரை பேரிலை எதுக்கு? நான் சும்மாவே செய்வன்,” என்று சபாரத்தினம் அனுப்பிவிட்டார். பிறகு தலைவர் பதவிக்கு அவர் நிற்கவே இல்லை. பழனிசாமி இரண்டு வருடம் இருந்தார். அவர் காலத்தில் பக்குரங்காவில் வகுப்பு தொடங்கியது. மனிதர்களோடு பழக அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கண்மணிக்கு மகள் என்பதை மட்டும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டார்.

1998 பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் சபாரத்தினம் கராஜுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்தார். புஷ்பவதி ஏற்கெனவே அங்கே இருந்தாள். தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். அவர் நாற்காலியில் ஏறியதும், “எலெக்‌ஷன் கதை ஒண்டும் இஞ்சை வேண்டாம்,” என்றார்.

கண்மணி துணியைக் கட்டினாள். ஐந்து நிமிடத்தில் அவரே தொடங்கிவிட்டார். பொங்கல் விழாவுக்குப் பழனிசாமி பிடித்திருக்கும் மண்டபம் சரியில்லை, கார் நிறுத்த இடமில்லை, கணக்கைத் தவிர அந்தாளுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

“அது தப்புண்ணே,” என்றாள் கண்மணி. “அந்த மண்டபத்துக்குப் பக்கத்துலயே பஸ் நிக்குது. கார் இல்லாதவங்க எப்படி வருவாங்க, அத யோசிச்சீங்களா?”

“பஸ்ஸிலை ஆர் பிள்ளை பொங்கலுக்கு வாறது?”

“நான் வருவேன். போன மாசம் வந்தாங்களே, அந்தப் பொண்ணு, பிள்ளைங்களோட வருவா.”

அவர் கண்ணாடியில் அவளை முறைத்தார். அவள் கத்தரியை நிறுத்தாமல், தலையைக் கொஞ்சம் குனியச் சொன்னாள். குனிந்தபடியே அவர் மறுபடி மண்டபத்தைப் பற்றி ஆரம்பித்தார். அவளும் விடவில்லை.

சோபாவிலிருந்த புஷ்பவதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, “ரெண்டு பேரும் கதைச்சு முடியுங்கோ,” என்றாள். “எனக்கு மூண்டு மணிக்கு டியூட்டி.”